சுண்டுவிரல் இடைவெளி

ஆமர் வீதி இரும்புக் கடையில் கணக்கெழுதுகிறவள் நான்.
நெருப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது,
நிறுக்கத் தெரியும்.

கேஸ் வராத அந்த வருஷம்
கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடிப் பல்கனிகளில்
வீட்டுக்கு மூன்று கல் முளைத்தது.
கீழ்வீட்டுப் புகை எங்கள் தலையணையில்.
கடற்காற்று திரும்பிவிட்டால்
எங்கள் புகை ஃபரீனா ராத்தாவின் உலரும் சட்டைகளில்.
யாரும் யாரையும் ஏசவில்லை,
எல்லோருக்கும் இருமல் இருந்தது.

புகை என்றால் எரியாமல் தப்பிய விறகு
என்றான் மச்சான் ரெஜினோல்ட்.
எங்கோ கேட்டுவிட்டு வந்திருந்தான்.
அப்படியென்றால் அது நட்டம், என்றேன் நான்.
கொப்பி எடுத்தேன்.

முதலாவது:
பெயின்ட் தகரம், இருபது லீற்றர்.
உள்ளே நான்கங்குலக் குழாய்,
முழங்கை மடித்தது போல.
ரெஜினோல்ட் வெட்டினான், பெருவிரலையும் சேர்த்து.
குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவே மணல் கொட்டினோம்.
மணல் வந்த சூட்டையெல்லாம் தானே குடித்துவிட்டு
சும்மா இருந்தது,
கடன் வாங்கின சொந்தக்காரன் மாதிரி.
இரண்டு லீற்றர் தண்ணீர். நாற்பத்தொரு நிமிடம்.
தொள்ளாயிரத்து இருபது கிராம்.

இரண்டாவது:
மணலைக் கொட்டிவிட்டுச் சாம்பல்.
முப்பத்திரண்டு நிமிடம்.
மூன்று கல் அடுப்புகள் எல்லாவற்றிலும் போய்
சாம்பல் கேட்டு வாளியோடு நின்றேன்.
சீனி கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார்கள்.

துறைமுகப் பக்கமிருந்து சோமசிறி
உடைந்த பலகைத் தட்டுகள் கொண்டுவருவார்.
முத்திரையைப் பார்ப்பேன்.
சூட்டில் பதப்படுத்தியது என்றால் எடுப்பேன்,
மருந்தடித்தது என்றால் திருப்பி அனுப்புவேன்.
மழையில் நனைந்ததையும்தான்:
ஈர விறகு முதலில் தன் தண்ணீரைக் கொதிக்கவைக்கும்,
நம் கேத்தில் பிறகு.

மூன்றாவதில் குழாய் வாய்க்குள் ஒரு தகரத் தட்டு.
விறகு மேலே, மூச்சு கீழே.
அன்று அது முதன்முதலாக உறுமியது.
ராத்தா படியேறி வந்து கேட்டாள்:
"ஜெனரேட்டரா வாங்கினீங்க?"

நான்காவதில் பானையைச் சுற்றி ஒரு தகரச் சட்டை.
ரெஜினோல்ட் இறுக்கிப் போட்டான், ஒரு நூலும் போகாமல்.
போகிற வழி இல்லாத நெருப்பு
வந்த வழியே திரும்பி
அவன் புருவத்தை எடுத்துக்கொண்டு போனது.

சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி விட்டோம்.
யாருடைய சுண்டுவிரல் என்று ஒரு சண்டை.
என்னுடையதை வைத்து அளந்தோம்.
பதினான்கு நிமிடம். முந்நூற்றுப் பத்து கிராம்.
புகை இல்லை.
பல்கனிச் சுவரில் கரியால் பெரிதாக எழுதினேன்.

பெருமை பிடித்தவள் அடுத்து என்ன செய்வாள்?
ஒரு மழை இரவில்
அடுப்பைக் குசினிக்குள் தூக்கி வந்து
ஜன்னலைச் சாத்தினேன்.
கண் கரிக்கவில்லை. பருப்பு வெந்தது.
கிளாரிஸ் பாடம் எழுதியபடி
"அம்மா, எழுத்தெல்லாம் ஓடுது" என்றாள்,
மேசையில் தலையை வைத்தாள்.

இழுத்துக்கொண்டு ஓடினேன் மாடிப்படிக்கு.
மழையில் அவளைப் பிடித்தபடி
எண்ணினேன் மூச்சை,
முதன்முறையாக எழுதிவைக்காமல்.
அவள் வாந்தியெடுத்தாள், பிறகு என்னைத் திட்டினாள்.
திட்டட்டும், திட்டட்டும் என்றிருந்தது.

கண்ணுக்குத் தெரிகிற புகையை மட்டுமே
நட்டக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

கொப்பியில் அந்தத் தேதிக்கு எதிரே எண் இல்லை.
"வெளியே மட்டும்" என்று இருக்கிறது.
அதையே ஆணியால் தகரத்திலும் கீறினோம்,
தமிழிலும் சிங்களத்திலும். எழுத்துப் பிழையை
சோமசிறி திருத்தினார்.

கேஸ் வந்தது. வரிசை கலைந்தது.
அடுப்பை ராத்தா கேட்டாள், கொடுத்தேன்.
முற்றத்தில் வைத்து வெள்ளிக்கிழமைகளில் கடலை அவிக்கிறாள்.
நேற்று ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள், செய்தியும் சேர்த்து:
இருநூற்றெண்பது கிராம்தான் போனதாம்.

இருநூற்றெண்பதா?
கடலையை வாயில் போட்டுக்கொண்டு
தராசைத் தூக்கியபடி
கீழே இறங்கினேன்.